ஒரு முழு ஆடு, ஒரு காய்ச்சல், ஐந்து செட் ஸ்குவாட்: அளக்காமல் விட்ட மூன்று வெப்பநிலைகள்

34 வயது ஆண். எடை 82 கிலோ. மூன்று ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் பார்பெல் பயிற்சி. ஸ்குவாட்டில், அதாவது பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழுவதில், 120 கிலோவை 5 செட், செட்டுக்கு 5 ரெப் (5 முறை) என்ற அளவில் தூக்கிவருபவர். ஒரு சனிக்கிழமை காலை, அருகிலுள்ள வளர்ப்பாளர் ஒருவரிடம் 32 கிலோ உயிரெடையுள்ள ஆட்டை முழுதாக வாங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை தேநீர் நிறச் சிறுநீரோடு மருத்துவமனையில் சேர்ந்தார். இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது, எது எதற்குக் காரணம், எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்பதுதான் இந்த ஆய்வு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது தனி ஒருவரின் மருத்துவக் கோப்பு அல்ல. மொத்தமாகக் கறி வாங்கிச் சாப்பிட்டுப் பயிற்சி செய்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை ஒரே ஆளின் ஒரு வாரத்தில் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு. இதில் வரும் பரிசோதனை அளவுகள் இப்படிப்பட்ட நோயாளியிடம் காணக்கூடியவை.

நாள்வாரியாக நடந்தது

சனி காலை 6.30க்கு ஆடு அறுக்கப்பட்டது. உரித்த எடை 15 கிலோ. சூடு ஆறும் முன்பே ஒரு பின்தொடை தவிர மற்ற எல்லாவற்றையும் துண்டு போட்டு, மூன்று பாலிதீன் பைகளில் பைக்கு 4 கிலோவாகக் கட்டினார்கள். ஈரல் சுமார் 600 கிராம், தனியாக ஒரு மெல்லிய கவரில். எல்லாம் காரின் பின்பெட்டிக்குள் போயின, ஐஸ் இல்லை. நடுவில் வேறொரு வேலைக்காக வண்டி ஒரு மணி நேரம் நின்றது. வீட்டுக்கு வந்தபோது மணி 10.15. பதினொன்றுக்குள் மூன்று பைகளும் தொடையும் 100 லிட்டர் ஃப்ரீசருக்குள் அடைக்கப்பட்டன. ஈரல் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில். அதற்கு நேர் கீழே காய்கறி.

ஞாயிறு மதியம் ஈரலை வெட்டி, அதே பலகையைத் தண்ணீரில் அலசிவிட்டு வெள்ளரியும் வெங்காயமும் நறுக்கினார். ஈரலைக் கடும் தீயில் நான்கு நிமிடம் புரட்டி இறக்கினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. அப்படித்தான் மென்மையாக இருக்கும் என்று சாப்பிட்டார். வீட்டில் மற்ற யாரும் ஈரலோ வெள்ளரியோ சாப்பிடவில்லை.

திங்கள் மாலை ஸ்குவாட், இயல்பாக முடிந்தது. செவ்வாய் மாலை தொடையில் வலி, உடம்பு முழுக்க அசதி, லேசான குளிர். முந்தின நாள் காலுக்குச் செய்த பயிற்சியின் வலி என்று எடுத்துக்கொண்டார். புதன் காலை ஓய்வில் நாடித்துடிப்பு 79. வழக்கமாக அவருக்கு 58. வயிற்றைப் பிடுங்கியது; மதியத்துக்குள் நான்கு முறை தண்ணீராகப் போனது. ஒரு பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை ஒன்று, ஒரு காபி. மாலை ஆறு மணிக்குப் பயிற்சிக்கூடத்தில் இருந்தார்.

மூன்றாவது செட்டின் நான்காவது ரெப்பில் எழுந்து நின்றதும் கண் இருண்டது, முழங்கால் மடங்கியது. ரேக்கின் சேஃப்டி பின்கள் சரியான உயரத்தில் இருந்ததால் பார் அவற்றின் மேல் விழுந்தது. இல்லையென்றால் இந்த ஆய்வை வேறு விதமாக எழுத வேண்டியிருந்திருக்கும். இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு பென்ச் பிரஸ்ஸும் ரோவும் செய்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

வியாழன்: ஒன்பது முறை வயிற்றுப்போக்கு, கடைசி இரண்டில் ரத்தக் கீற்று. அன்றுதான் முதல்முறையாகத் தெர்மாமீட்டர் வைத்தார்: 39.1 டிகிரி. மேலும் இரண்டு டைக்ளோஃபெனாக். வெள்ளி காலை எடை 78.6 கிலோ, சிறுநீர் மிகக் குறைவு, நிறம் கடுந்தேநீர்.

மருத்துவமனையில் எடுத்தவை: சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் 1.9 மில்லிகிராம்/டெசிலிட்டர். தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதியான கிரியேட்டின் கைனேஸ், அதாவது சி.கே., லிட்டருக்கு 5,800 அலகு. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டையில் ரத்தம் பாசிட்டிவ். ஆனால் நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் இல்லை. அப்படியென்றால் பட்டை காட்டியது ரத்தத்தை அல்ல, சிதைந்த தசையிலிருந்து வந்த மயோகுளோபினை. ஈசிஜியும், இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினும் இயல்பு. மலக் கல்ச்சரில் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற குடல் கிருமி. இரண்டு இரவு உள்நோயாளியாகச் சலைன், மூன்று நாள் அசித்ரோமைசின்.

வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

மொத்தமாக வாங்குவதில் தவறே இல்லை. பயிற்சி செய்கிறவருக்கு ஒரே ஆட்டின் எல்லாப் பகுதிகளும் கிடைக்கின்றன, எங்கே எப்போது அறுத்தது என்று தெரிகிறது. ஆனால் கணக்கு உயிரெடையில் தொடங்கி ஃப்ரீசரின் லிட்டரில் முடிய வேண்டும். பெரும்பாலானோர் உயிரெடையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆட்டில் உரித்த எடை உயிரெடையில் 45 முதல் 50 சதவீதம். 32 கிலோ ஆடு 15 கிலோ தருவது சரியான விகிதம்தான். அதில் எலும்பும் கழிவும் போக 10 கிலோ அளவுக்குச் சுத்தக் கறி. கொழுப்பு குறைந்த ஆட்டுக்கறியில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம், பச்சை எடையில். 82 கிலோ ஆள் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 131 கிராம் புரதம். அதில் பாதியைக் கறியிலிருந்து எடுத்தால் நாளொன்றுக்கு 330 கிராம் பச்சைக்கறி. ஆக 10 கிலோ என்பது ஒருவருக்கு ஒரு மாதம். நல்ல தோள்பகுதிகளும் தொடையும் உறைநிலையில் ஆறு மாதத்துக்கு மேல் தரம் கெடாமல் நிற்கும். கொத்துக்கறியும் ஈரலும் மூன்று நான்கு மாதம். எனவே இந்த அளவு வாங்கியது அதிகமில்லை. ஒரே நாளில் உறைய வைக்கப் பார்த்ததுதான் அதிகம்.

வீட்டு ஃப்ரீசர் ஒரு நாளில் ஒழுங்காக உறைய வைக்கக்கூடியது, அதன் கொள்ளளவில் 28 லிட்டருக்கு 1 முதல் 1.4 கிலோ வரைதான். 100 லிட்டருக்கு இது 3.5 முதல் 5 கிலோ. அவர் உள்ளே வைத்தது 14 கிலோவுக்கும் மேல், அதுவும் உடல்சூடு முழுதாக ஆறாத கறி. இடம் இருந்தது, ஆனால் வெப்பத்தை வெளியே இழுக்கும் திறன் இல்லை. ஃப்ரீசர் என்பது உறைந்ததை உறைந்தபடி வைத்திருக்கத்தான் முதன்மையாகச் செய்யப்பட்டது என்பதை வாங்கும் முன்பே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சூட்டோடு உறைந்த கறி ஏன் ரப்பராகிறது

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கறி கடினமாக இருந்தால் ஆட்டின் வயதைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள்.

உயிர் போன பிறகும் தசைக்குள் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை மிச்சம் இருக்கிறது. அது தீரும்வரை தசைநாருக்குச் சுருங்கும் சக்தி உண்டு. கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாற மாற, அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் 7 அருகிலிருந்து 5.5–5.8க்கு இறங்குகிறது, தசை விறைக்கிறது, அதன்பின் தசைக்குள்ளேயே இருக்கும் நொதிகள் மெல்ல அதை இளக்குகின்றன. பிஹெச் 6க்குக் கீழே இறங்குமுன் தசையின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போய்விட்டால், கால்சியம் கட்டுப்பாடின்றிக் கசிந்து தசைநார் இறுகச் சுருங்குகிறது. ஆடு சிறியது, மேலே கொழுப்புப் போர்வை மெல்லியது. அதனால் மாட்டைவிட வேகமாகக் குளிர்ந்து இந்தச் சிக்கலில் எளிதாக மாட்டும். விறைப்பு வருமுன்பே நேராக உறைய வைத்தால் இன்னும் மோசம்: உறைந்திருக்கும்போது அடங்கிக் கிடந்த சுருக்கம், பனி இளகும்போது ஒரே மூச்சில் நடக்கிறது. கறி சுருண்டு, கிண்ணம் நிறையச் சிவப்பு நீரை விட்டுவிட்டு, எத்தனை விசில் விட்டாலும் நாராகவே இருக்கும். எலும்போடு ஒட்டியிருக்கும் தசையை எலும்பு இழுத்துப் பிடிப்பதால் சுருக்கம் குறைவு. சூட்டோடு துண்டு போட்டதால் அந்தப் பிடியும் போனது.

அறுத்தவரிடமே குளிர் அறை இருந்தால், முழு உடலாக 24 மணி நேரம் தொங்கவிட்டு மறுநாள் வாங்குவதே மேல். இல்லையென்றால் துண்டு போடச் சொல்லாமல் தொடை இரண்டு, முன்சப்பை இரண்டு, முதுகு, நெஞ்சு என்று பெரிய பகுதிகளாக மட்டும் பிரிக்கச் சொல்லி, ஐஸ் பெட்டியில் எடுத்துவர வேண்டும். ஐஸ் எவ்வளவு என்பதைக் கணக்காகவே போடலாம். 15 கிலோ கறியை 35 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்கச் சுமார் 1,600 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். 1 கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் இழுக்கிறது. ஏட்டுக் கணக்கில் 5 கிலோ ஐஸ் போதும். பெட்டியின் சுவரும் வழியின் வெயிலும் எடுத்துக்கொள்வதைச் சேர்த்து 8 முதல் 10 கிலோ. ஐஸும் கறியும் நேராக ஒட்டாமல் நடுவே கெட்டியான கவர் இருக்கட்டும். உருகிய நீரில் கறி ஊறக்கூடாது. ஐஸ் இல்லாமல் சூடான கறியை ஃப்ரிட்ஜுக்குள் கொண்டுபோனால் ஃப்ரிட்ஜ் முழுவதும் சூடேறி, உள்ளே இருக்கும் பாலும் சேர்ந்து கெடும்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், தட்டில் வைத்து, 0 முதல் 4 டிகிரியில் ஒரு நாள் முழுக்க. ஞாயிறு துண்டு போடலாம். அரை கிலோ பொட்டலங்கள், ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி, 2 முதல் 3 சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாக. தடிமன் இரண்டு மடங்கானால் உறையும் நேரம் இரண்டிலிருந்து நான்கு மடங்கு ஆகும். மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகம், பெரிய படிகம் தசைச் செல்லைக் கிழிக்கும், இளகும்போது நீர் ஒழுகும். முதல் நாள் 4 கிலோ, சுவரை ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று படாமல். மறுநாள் அவற்றை அடுக்கி ஓரம் தள்ளிவிட்டு அடுத்த 4 கிலோ. மூன்றாம் நாள் இன்னொரு 4 கிலோ. நான்காம் நாள் மீதி. இந்த வரிசையில் போனால் சனிக்கிழமை ஆடு புதன் இரவுக்குள் முழுதாக உறைந்துவிடும், மைனஸ் 18 டிகிரியும் கலையாது. கவரின்மேல் பகுதி, எடை, தேதி. காற்று மிச்சமிருந்தால் பனி நேராக ஆவியாகிக் கறியின் மேல் சாம்பல்நிறத் திட்டு விழும். அது கெட்டதல்ல, உலர்ந்தது. சீவிவிட்டுச் சமைக்கலாம்.

நோய் எங்கிருந்து வந்தது

அறுத்ததிலிருந்து வீடு வரும்வரை மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் சூட்டில் கிடந்ததுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லத் தோன்றும். அது சரியல்ல. கேம்பிலோபாக்டர் 30 டிகிரிக்குக் கீழே பெருகாது. அதற்கு மேலும் காற்றில் உள்ள ஆக்சிஜன் அளவு அதற்கு ஒத்துவராது. இது உணவில் பெருகி நோய் தரும் வகையே அல்ல. ஆட்டின் குடலில் ஏற்கனவே இருந்து, அறுக்கும்போது ஈரலிலும் மேற்பரப்பிலும் ஒட்டி, பெருகாமலே நோய் தரும். சில நூறு கிருமிகள் போதும். ஃப்ரிட்ஜ் குளிரில் அது சாவதில்லை, காத்திருக்கிறது. சூட்டில் பெருகுவது சால்மொனெல்லா, ஈ.கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை. அவை இந்த முறை மாட்டவில்லை. அடுத்த முறை மாட்டலாம்.

வழி இரண்டு. ஒன்று, உள்ளே வேகாத ஈரல். ஈரலின் மேற்பரப்பு மட்டுமல்ல, உட்பகுதியிலும் கிருமி இருக்கலாம் என்பதால் தொடைக்கறியைப் போல மேலே மட்டும் வாட்டிச் சாப்பிடும் பண்டம் அல்ல அது. நடுவில் 71 டிகிரி வர வேண்டும். மற்றது பலகை. தண்ணீரில் மட்டும் அலசிய பலகையில் நறுக்கிய வெள்ளரி பச்சையாகவே வயிற்றுக்குள் போயிற்று. இந்த இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. இரண்டையும் அடைக்க வேண்டும். காய்கறியை முதலில் நறுக்கி எடுத்துவைத்துவிட்டு அதன்பின் கறியைத் தொடுவது என்ற ஒரே பழக்கம் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். பிறகு சோப்பும் சூடான நீரும். ஈரல் எப்போதும் அடித்தட்டில், விளிம்பு உயர்ந்த பாத்திரத்தில்.

நேரத்தைப் பார்த்தாலே கிருமியின் வகையை ஓரளவு ஊகிக்கலாம். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி என்றால் ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சு. 6 முதல் 24 மணிக்குள் காய்ச்சலில்லாத வயிற்றுப்பிடிப்பு என்றால், பெரிய பாத்திரத்தில் சமைத்து மெதுவாக ஆறவிட்ட குழம்பில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். இரண்டு முதல் ஐந்து நாள் கழித்துக் காய்ச்சலோடு தொடங்கினால் கேம்பிலோபாக்டர் பக்கம் போக வேண்டும். ஞாயிறு மதியம் சாப்பிட்டு செவ்வாய் மாலை குளிர் எடுத்தது இந்த அட்டவணையில் அப்படியே பொருந்துகிறது.

புதன்கிழமை மாலை

செவ்வாய் இரவே தவறான பெயர் வைத்தாகிவிட்டது. பயிற்சி வலி செய்த தசையில் மட்டும் இருக்கும். அழுத்தினால், மடக்கினால் வலிக்கும். குளிர் எடுக்காது, ஓய்வில் நாடியை 20 துடிப்பு ஏற்றாது. காய்ச்சலின் உடம்புவலி இடுப்பிலும் தோளிலும் கண்ணுக்குப் பின்னாலும் எங்கும் இருக்கும். சந்தேகம் வந்தால் தெர்மாமீட்டர். அதுவும் பாராசிட்டமால் போடுமுன். மாத்திரைக்குப் பிறகு காட்டும் 37.2 எதையும் நிரூபிக்காது.

காய்ச்சல் ஒவ்வொரு டிகிரிக்கும் நாடித்துடிப்பைச் சுமார் 10 ஏற்றுகிறது. உடலின் எரிசக்திச் செலவும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. தோலுக்கு ரத்தம் அதிகம் போகிறது. அதோடு நான்கு முறை வயிற்றுப்போக்கு: உடலின் நீரில் ஒரு லிட்டருக்கு மேல் ஏற்கனவே குறைந்திருக்கும். இந்த நிலையில் 120 கிலோவின் கீழ் நுழைகிறார்.

மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. 1985இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மக்டூகல் குழு, தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அளந்தபோது, இரண்டு காலாலும் கடும் லெக் பிரஸ் செய்கையில் ரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை போனது. ஆரோக்கியமான பயிற்சியாளர்களிடமே இந்த அளவு. மூச்சை விட்டதும் அந்த அழுத்தம் ஒரு சில நொடியில் சரிகிறது. நீர் நிறைந்த உடலில் நாளங்கள் இறுகி அதைச் சமாளிக்கும். நீர் குறைந்து, காய்ச்சலில் நாளங்கள் விரிந்து, பாராசிட்டமாலில் வியர்க்கத் தொடங்கியிருக்கும் உடலில் மூளைக்கு ரத்தம் போதவில்லை. எழுந்து நின்று மூச்சை விட்ட அந்த நொடியில்தான் கண் இருண்டது.

அதற்குப் பிறகும் பென்ச் செய்ததை எப்படி விளக்குவது? ஃப்ரீசரில் 14 கிலோ கறி, அட்டவணையில் புதன்கிழமை, கையில் முடிக்காத இரண்டு செட். திட்டத்தில் பணமும் நேரமும் போட்டவருக்கு நிறுத்துவது வீணாக்குவதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் வீணாவது மிகக் குறைவு. பயிற்சியுள்ளவரின் வலிமை இரண்டு மூன்று வாரம் நின்றாலும் பெரிதாகக் குறைவதில்லை. ஐந்து நாள் புரதம் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. வயிற்றுப்போக்கு நாளில் 130 கிராம் புரதத்தைத் திணிக்க முயல்வதைவிட நீரும் உப்பும் உள்ளே போவது முக்கியம்.

சளி பிடித்த எல்லா நாளும் நிற்க வேண்டுமா என்ற கேள்வி வரும். இல்லை. கழுத்துக்கு மேலே மட்டும் அறிகுறி, அதாவது மூக்கொழுகல், லேசான தொண்டைக் கரகரப்பு, காய்ச்சல் இல்லை என்றால், எடையைக் குறைத்துச் செய்யலாம். பத்து நிமிடத்தில் மோசமானால் நிறுத்த வேண்டும். 1998இல் அமெரிக்காவில் வைட்னர் குழு 50 பேருக்குச் சாதாரணச் சளி தரும் ரைனோவைரஸ் கொடுத்து, ஒரு பகுதியினரை ஒருநாள் விட்டு ஒருநாள் மிதமான வேகத்தில் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தது. சளியின் கடுமையோ நாட்களோ மாறவில்லை. ஆனால் அது சாதாரணச் சளி, மிதமான பயிற்சி. காய்ச்சல், மார்புச் சளி, உடம்புவலி, வயிற்றுப்போக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த முடிவு செல்லாது. 1970இல் எலிகளுக்குக் காக்சாக்கி வைரஸ் கொடுத்து நீந்தவைத்தபோது இதயத்தசை அழற்சி மிகக் கடுமையானது. மனிதரிடம் இதயத்தசை அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் போட்டிப் பயிற்சியே கூடாது. மருத்துவமனையில் ஈசிஜியும் ட்ரோபோனினும் எடுத்தது இதற்காகத்தான்.

மூன்று மாத்திரையும் சிறுநீரகமும்

இந்த நிகழ்வில் உடலுக்கு மிகப் பெரிய சேதம் செய்தது கிருமி அல்ல என்பது எங்கள் தீர்மானம். கேம்பிலோபாக்டர் ஆரோக்கியமான பெரியவரிடம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாக அடங்கும். நீர் வற்றிய உடலில் சிறுநீரகம் தன் ரத்தஓட்டத்தைக் காத்துக்கொள்ள உள்வரும் நாளத்தைப் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கொண்டு விரித்துவைக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்றவை அந்தப் புரோஸ்டாகிளாண்டினையே நிறுத்துகின்றன. அதன்மேல் புதன் மாலையின் தசைச் சிதைவிலிருந்து வந்த மயோகுளோபின். மூன்றும் ஒரே 48 மணி நேரத்தில் சேர்ந்தன.

ஒரு எச்சரிக்கை இங்கே தேவை. எடை தூக்குபவரின் சி.கே. ஒரு கடும் பயிற்சிக்குப் பிறகு ஆயிரங்களில் இருப்பது புதிதல்ல. கிரியேட்டின் பொடி எடுப்பவர், நிறையக் கறி சாப்பிடுபவர் ஆகியோரின் கிரியேட்டினினும் சற்றே கூடித் தெரியும். எனவே ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறக்கூடாது. மருத்துவரிடம் பயிற்சி விவரத்தையும் பொடி விவரத்தையும் மறைக்கவும் கூடாது. இங்கே கருஞ்சிறுநீர், குறைந்த சிறுநீர், 3.4 கிலோ எடைக் குறைவு, சிவப்பணு இல்லாத பட்டைப் பரிசோதனை எல்லாம் ஒரே பக்கம் காட்டின.

புதன் காலையே செய்திருக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். 1 லிட்டர் சுத்தமான நீரில் ஒரு பொட்டலம் முழுதாக. பாதிப் பொட்டலம், பாதி நீர் என்று கண்ணளவில் கலக்கக்கூடாது. கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் நீருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒவ்வொரு முறை போனபின்னும் ஒரு டம்ளர், மடக்கு மடக்காக. காலையில் எடை பார்த்தால் குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ரத்தம் தெரிந்தால் வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு கூடவே கூடாது, அன்றே மருத்துவர்.

திரும்பிவந்த விதம்

இரண்டாவது ஞாயிறு வீடு திரும்பினார்; புதன்கிழமை மலம் இயல்பானது. அதன்பின் 48 மணி நேரம் பயிற்சிக்கூடத்துக்குப் போகவில்லை. அது அவருக்காக அல்ல, அதே பாரைப் பிடிக்கப்போகிற மற்றவர்களுக்காக. முதல் பயிற்சிக்கு முன் மறுபரிசோதனை: சி.கே. இயல்பு உச்சவரம்பின் ஐந்து மடங்குக்குக் கீழே, சிறுநீர் சுத்தம், கிரியேட்டினின் பழைய நிலை. காலை நாடி தொடர்ந்து மூன்று நாள் 60க்குள்.

முதல் நாள் ஸ்குவாட் 60 கிலோ, 3 செட், 5 ரெப். எளிதாக இருந்தது, எளிதாக இருந்ததற்காக ஏற்றவில்லை. அந்த வாரம் முழுதும் அதே எடை. இரண்டாம் வாரம் 75 முதல் 85 கிலோ. மூன்றாம் வாரம் 95, செட் 4. நான்காம் வாரம் 110, ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் 120. செட்டுகளுக்கிடையே மூன்று நிமிட ஓய்வில் நாடி இறங்காவிட்டால், மார்பில் இறுக்கம் வந்தால், சிறுநீர் கறுத்தால் அன்றோடு நிறுத்த வேண்டும் என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளப்பட்டது.

கேம்பிலோபாக்டருக்குப் பிறகு எடை தூக்குபவர் தனியாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சில வாரத்தில் முழங்கால் அல்லது கணுக்கால் வீங்குவது. ஸ்குவாட்டால் வந்த மூட்டுவலி என்று கட்டுப்போட்டுத் தொடர்வார்கள், அது எதிர்வினை மூட்டழற்சியாக இருக்கலாம். மற்றது அரிது, ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில், ஆனால் அவசரம். நோய் தொடங்கி ஒன்று முதல் மூன்று வாரத்தில் இரு பாதத்திலும் மரத்துப்போன உணர்வு, பிறகு இரு காலும் ஒரேபோல நாளுக்கு நாள் பலமிழப்பது. குதிகாலால் நடக்க முடியவில்லை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால் அது ஓய்வில் இழந்த வலிமை அல்ல. கில்லன்–பாரே நோயாக இருக்கக்கூடும், அன்றே மருத்துவமனை. இந்த நிகழ்வில் இரண்டும் வரவில்லை.

ஃப்ரீசரில் மீதி இருந்தது

நலமான பிறகு மூன்று பைகளும் தொடையும் அப்படியே இருந்தன. எதை வைப்பது, எதை எறிவது என்பதற்கு மணம் உதவாது. உறைந்த கறி மணக்காது.

முழுத் தொடையில் கிருமி பெரும்பாலும் வெளிப்பரப்பில்தான். அது ஃப்ரீசரின் சுவரை ஒட்டி இருந்ததால் வெளிப்பரப்பு விரைவில் குளிர்ந்தது. வீடு வரும்வரை மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் குளிரின்றி இருந்தது உண்மை. ஆனால் அறுத்த உடனே முழு உடலிலும் அப்படி ஒரு நேரம் கழியத்தான் செய்கிறது. அதை வைத்துக்கொண்டார்கள். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் தட்டில் வைத்து ஒன்றரை நாள் பனி இளகவிட்டு, எலும்போடு மெதுவாக நீண்ட நேரம் வேகவைத்தார்கள். சூட்டோடு உறைந்ததால் கடினமாக இருந்தது. நீண்ட வேக்காடு அதைப் பெரும்பாலும் சரிசெய்தது.

மூன்று பைகள் வேறு விஷயம். துண்டு போட்டதால் முன்பு வெளியே இருந்த பரப்பெல்லாம் பையின் நடுவுக்குப் போய்விட்டது. 4 கிலோ உருண்டை, கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் தடிமன், சுற்றிலும் அதே சூட்டில் இன்னும் இரண்டு உருண்டைகள். அதன் நடு 5 டிகிரிக்கு இறங்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதை அளந்தவர் யாரும் இல்லை. அரை நாளுக்குக் குறைந்திருக்க வாய்ப்பில்லை. அந்த நேரத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் விட்டிருக்கக்கூடிய நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. 12 கிலோ, ஏறக்குறைய ஒரு மாதக் கறி. எல்லாம் எறியப்பட்டது. பிறகு 8 கிலோ ஐஸ் பிடிக்கும் பெட்டி ஒன்றும், ஊசிமுனைத் தெர்மாமீட்டர் ஒன்றும், ஃப்ரீசருக்குள் தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கினார்கள். உடம்புக்கான தெர்மாமீட்டர் வீட்டில் முன்பே இருந்தது.